நாலு மணி எஞ்சின்

"வடிவாச் சாப்பிடு தம்பி. இண்டைக்குச் சோறு உன்ரை பேரிலைதான்."

சின்னராசா அண்ணை வாளியும் அகப்பையுமாக என் இலைக்கு முன்னால் குனிந்து நின்று இதைச் சொன்னார். இடம் தொண்டைமானாறு சந்நிதி கோவில் மடம். வெள்ளிக்கிழமை மத்தியானம். எனக்கு இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத அடியார்கள். பூசணிக்காய்க் கறியில் பால் கூடிப்போய் இலை முழுக்க ஓடியது. அதை மறிக்க நான் சோற்றால் வரம்பு கட்டிக்கொண்டிருந்தேன். உரும்பிராய்த் தோட்டக்காரன் பிள்ளை, வேறென்ன கட்டுவேன்!

"என்ரை பேரிலையோ? ஏன் அண்ணை, எனக்கென்ன பிறந்தநாளோ?"

"பகிடி விடாதை." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அகப்பைச் சோற்றை இலையில் தட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பின்னேரம் நாலு மணிக்கு எஞ்சின் போட்டு எங்களைக் காப்பாத்திறியெல்லே? அதுக்குத்தான் எங்கடை வீட்டிலை பாக்கியம் அக்கா நேர்ந்தவ. ஒரு மூட்டை அரிசி, உன்ரை பேரைச் சொல்லி."

சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வாயில் வைத்த சோறு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.  நான் அப்போது ஆமியில் சிக்னல்காரன். கடத்தல் வள்ளங்களைப் பிடிக்கிற முகாமில் வேலை. சின்னராசா அண்ணை எங்கள் முகாமுக்கு மீன் கொண்டுவருகிறவர். அவரை நான் எதிலிருந்து காப்பாற்றினேன்? எப்போது காப்பாற்றினேன்? ஐயோ, இந்த மனுசன் என்ன சொல்லிவிட்டுப் போகிறது!

பயிற்சிக் காலத்தில் நான் பட்ட பாட்டை இந்தப் பத்தியில் படித்துச் சிரித்ததாகவும், ஊர்ப்பக்கம் வேலை பார்த்த கதையை ஏன் ஒளிக்கிறீர் என்றும் நீர்வேலியிலிருந்து ஒருவர் காகிதம் போட்டிருக்கிறார். ஒளிக்கத்தான் செய்தேன். இத்தனை கிழமையாக அதைச் சுற்றிச் சுற்றி வேறு கதைகளை எழுதிக்கொண்டிருந்தேன். இனி ஒளிக்க எனக்கு வயது இல்லை. ஆட்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எழுது, வாசியாதே

சிங்களம் மட்டும் சட்டம் வருவதற்குச் சற்று முன்னர்தான் நான் படையில் சேர்ந்தேன். நாட்டுப் படைக்கே அப்போது பால்குடி வயது. அதில் சிக்னல் பிரிவு என்றால் ஒரு தகரக் கொட்டகை, வெள்ளைக்காரன் விட்டுப்போன சில வயர்லெஸ் பெட்டிகள், ஒரு தொலைபேசிப் பலகை, கடிதம் கொண்டு ஓடுகிற மோட்டார் சைக்கிள் நாலைந்து. மழை பெய்தால் பெட்டிகளுக்கு மேல் எங்கள் படங்கை விரித்துவிட்டு நாங்கள் நனைவோம்.

துப்பாக்கிக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். தந்தி ஆபீஸ் என்ற கருத்தில் "தந்திக் கந்தோர்" என்பது அவர்கள் எங்களுக்கு வைத்த பட்டம். சிரிக்கட்டும். எங்கே போவது, எப்போது திரும்புவது, சாப்பாடு எங்கே வரும் என்பதெல்லாம் எங்கள் காதால்தானே அவர்களுக்கு வந்தது! காதில் குழாயை மாட்டிக்கொண்டு, புள்ளியும் கோடுமாக வருகிற சத்தத்தைப் பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எங்களைப் பழக்கிய கிழட்டுப் பறங்கிச் சார்ஜன் ஒருவர் இருந்தார். "எழுது, வாசியாதே" என்று அடித்தொண்டையால் கத்துவார். எழுதுகிற செய்தியின் பொருளில் மனம் போனால் அடுத்த எழுத்து தவறிவிடும். அதனால் கைக்கு மட்டும் வேலை கொடுத்துப் பழகினோம்.

அது எவ்வளவு கொடிய பழக்கம் என்பது ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் தெரிந்தது. கொழும்பில் நான் இயந்திரத்தில் இருந்தேன். எரிகிற வீதிகளின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. என் மாமா குடியிருந்த வீதியும் வந்தது. எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மூன்றாவது தாளில்தான் எனக்கு உறைத்தது. மாமா குடும்பம் கப்பலில் தப்பி ஊர் வந்து சேர்ந்ததை இருபது நாள் கழித்துத்தான் அறிந்தேன்.

சட்டம் வந்த பிறகு பிரிவில் தமிழ்ப் பொடியன்கள் குறைந்துகொண்டே போனார்கள். வேலை நன்றாகத் தெரிந்தபடியால் நான் தப்பியிருந்தேன். அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டிலுக்குள் ஒரு மெஷின்

அறுபதுகளில் என்னை வடக்குக் கடற்கரைக்கு மாற்றினார்கள். தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம். அக்கரையான இந்தியாவிலிருந்து கள்ளமாக வருகிற ஆட்களையும் சாமான்களையும் மறிப்பது முகாமின் வேலை. முப்பது பேர் இருந்தார்கள். அதில் சிக்னல்காரர் இரண்டு பேர்: நானும் கோப்ரல் பியதாசவும்.

பியதாச மாத்தறைப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில். எனக்கு மேலதிகாரி, ஆனால் அதைக் காட்டிக்கொள்ளத் தெரியாதவன். பின்னேரங்களில் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்களோடு குந்தியிருந்து, அரைகுறைத் தமிழில் கதைத்து, தானும் ஒரு பக்கம் பொத்துவான்.

வயர்லெஸ் ஓடுவது பற்றறியில். பற்றறிக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு பெற்றோல் எஞ்சின். அதை ஒரு ஓலைக் கொட்டிலுக்குள் வைத்திருந்தோம். எங்கள் தோட்டத்து இறைப்பு மெஷினுக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம், அப்படியொரு சத்தம். தினமும் காலை எட்டு மணிக்கு முகாமின் பெட்டிக்காக ஒரு மணித்தியாலம் ஓடும்.

இரவு ரோந்து போகிற நாளில் மட்டும் பின்னேரம் நாலு மணிக்கு இன்னொரு தடவை ஓட்டுவோம். ரோந்தோடு போகிற சிக்னல்காரன் முதுகில் சுமக்கிற பற்றறிகளுக்காக. இது புத்தகத்தில் உள்ள விதி இல்லை. நான் கொண்டுவந்த ஒழுங்கு. புறப்படுகிற அன்றைக்கே சார்ஜ் ஏற்றினால் விடியும்வரை பற்றறி செத்துப்போகாது. கரையில் நிற்கிறவனின் பற்றறி செத்தால் சிக்னல்காரனுக்கு அதைவிட வெட்கம் இல்லை. என் பற்றறி ஒரு நாளும் செத்ததில்லை. அதில் எனக்குச் சரியான பெருமை.

மூன்று பேருக்குத் தெரிந்த இரகசியம்

ரோந்து போவார்கள். விடிய வெறுங்கையோடு வருவார்கள். வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். ரோந்து இல்லாத இரவில் மட்டும் அக்கரைச் சேலையும் பீடி இலையும் வந்து இறங்கி, விடியமுன் சைக்கிள்களில் ஏறிப் போய்விடும். ஐந்து மாதம் இதே கூத்து.

கப்டன் எங்கள் இருவரையும் அழைத்தார். ஆள் அநியாயக்காரர் இல்லை. சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டார்.

"ரோந்துக் கட்டளை வயர்லெஸ்ஸில் வருகிறது. பொடியன்களுக்கு இருட்டிய பிறகுதான் சொல்கிறேன். முன்கூட்டியே தெரிந்தவர்கள் மூன்று பேர். உமக்குத் தெரியும், கோப்ரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை."

அவர் பியதாசவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஏன் என்று விளக்க வேண்டுமோ? முகாமில் தமிழன் நான் ஒருவன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்றிலிருந்து ஊருக்குள் போவதை விட்டேன். சின்னராசா அண்ணையிடம் மீனின் விலையைத் தவிர வேறொன்றும் கேட்கமாட்டேன். உரும்பிராய்க்குப் போனால் அம்மாவுடன்கூட முகாம் கதை எடுப்பதில்லை. "உனக்கென்ன, வாயுக்கை கொழுக்கட்டையோ?" என்று அவ ஏசினா. அந்தக் கொழுக்கட்டையோடேயே ஐந்தாறு மாதம் திரிந்தேன்.

பியதாச மட்டும் எனக்காக நின்றான். கப்டன் முன்னால் தன் சட்டைக் கையைக் காட்டி, "இவன் சொல்லியிருந்தால் இந்தப் பட்டியைப் பிடுங்குங்கள் சேர்" என்றான். நான் பக்கத்தில் நின்றேன். கண் கலங்கிவிட்டது.

பிறகு கப்டன் ஒரு வேலை செய்தார். நான் கேட்காமலே மூன்று நாள் லீவு தந்து வீட்டுக்கு அனுப்பினார். நான் இல்லாத நாளில் ரோந்து அனுப்பினார். அதுவும் வெறுங்கையோடு திரும்பியது.

திரும்பி வந்த என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உம்மைச் சந்தேகித்ததற்கு மன்னிக்க வேண்டும்" என்றார். மனம் குளிர்ந்து வெளியே வந்தால், பியதாச கட்டிலில் குனிந்து இருக்கிறான். மூன்றில் ஒன்று கழிந்தால் மிச்சம் யார்? அதோடு கரையில் மீன்காரரோடு குந்தியிருந்து கதைக்கிறவனும் அவன்தானே! திங்கட்கிழமை ஜீப் வரும், விசாரணைக்குக் கொண்டுபோவார்கள், பட்டியும் போகும், வேலையும் போகும், மறியலில் கம்பி எண்ணவும் நேரலாம் என்றார்கள்.

அவனுக்காக முருகனிடம் முறையிடத்தான் அந்த வெள்ளிக்கிழமை சந்நிதிக்குப் போனேன்.

மடத்து வாசல்

இலையை எடுத்துப் போட்டுவிட்டு, கை கழுவுகிற இடத்தில் சின்னராசா அண்ணையைப் பிடித்தேன்.

"என்ன எஞ்சின் அண்ணை? என்ன சொல்லுறியள்?"

"சும்மா கேக்கிறாய். காலமை எட்டு மணி எஞ்சின் நாள்வழமை. பின்னேரம் நாலுக்குச் சத்தம் கேட்டால் இரவைக்கு ஆமி கரைக்கு வரும். எங்கடை சின்னனுகளுக்கும் தெரியும். நாங்கள் வள்ளத்தை இழுத்து ஏத்திப்போட்டுப் படுத்திடுவம்."

"அது பற்றறிக்கு அண்ணை! பற்றறிக்குப் போடுறது!"

"எதுக்கெண்டாலும் இருக்கட்டும். 'உவன் எங்கடை பிள்ளை, வாயாலை சொல்லேலாது, எஞ்சினாலை சொல்லுறான்' எண்டு அக்கா அண்டைக்கே சொல்லிப்போட்டா." என் தோளில் தட்டினார். "பயப்பிடாதை. செத்தாலும் ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

நான் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டேன். தலை சுற்றியது என்று எழுதுவார்களே, எனக்கு உண்மையாகவே சுற்றியது. பெற்ற தாய்க்குக்கூட ஒரு சொல் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன், ரோந்துக்கு ரோந்து கடற்கரை முழுக்கக் கேட்கக் கூப்பாடு போட்டிருக்கிறேன். அதுவும் அரசாங்கப் பெற்றோலில்! நான் லீவில் போன நாளில் நான் பழக்கிய ஒழுங்கைப் பியதாச அச்சொட்டாகச் செய்திருக்கிறான். அதுதான் அவன் கழுத்துக்கு வந்திருக்கிறது.

சின்னராசா அண்ணை ஒரு கொள்ளைக்காரர் இல்லை. அந்தக் கரையில் கள்ளக்கடத்தல் என்ற சொல்லே அப்போது புதுசு. தகப்பனும் பாட்டனும் உப்பும் கூரை ஓடும் ஏற்றிப் போய்வந்த கடல். மத்தியானம் வெளிக்கிட்டு அக்கரையில் படம் பார்த்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். திடீரென்று ஒரு நாள் அது குற்றம் என்றால் அவர்களுக்கு விளங்குமோ?

ஞாயிற்றுக்கிழமை

முகாமுக்குத் திரும்பினால் பியதாச பெட்டி அடுக்குகிறான். மனைவியின் கடிதத்தை மடித்து உடுப்புக்கு அடியில் வைத்தான்.

"பாலன், நீயும் நான் சொன்னேன் என்று நினைக்கிறாயா?"

"பைத்தியமோ உனக்கு?" என்றேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

சனி போனது. ஞாயிறு பின்னேரம் கப்டனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்ச் சனத்துக்கு நாலு மணி எஞ்சினின் அர்த்தம் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

அவர் எஞ்சின் கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரச் சிரித்தார். திங்கட்கிழமை ஜீப் வரவில்லை. பியதாச என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். அன்றிரவு நான் குழந்தைப்பிள்ளை போல நித்திரை கொண்டேன். நம்புங்கள், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இனிப் பிடிபடுவார்கள், சேலையைப் பறிப்பார்கள், நீதவான் கோட்டில் தெண்டம் அடிப்பார்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மடையன்.

கப்டன் புதுக் கட்டளை போட்டார். ரோந்துப் பற்றறிகளைப் பலாலிப் பெரிய முகாமில் சார்ஜ் ஏற்றிச் சாக்குக்கு அடியில் வைத்து ஜீப்பில் கொண்டுவர வேண்டும். முகாம் எஞ்சின் காலையில் மட்டும் ஓடும்.

புதன்கிழமை சின்னராசா அண்ணை பாரை மீனோடு வந்தார். நான் வாய் திறந்தேன். "இனி எஞ்சினை நம்பாதையுங்கோ" என்ற மூன்று சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் என்னைப் பற்றி அவர்கள் சந்தேகித்தது உண்மையாகிவிடும். இவ்வளவு நாளும் தெரியாமல் சொன்னேன், இப்போது தெரிந்துகொண்டு சொல்வதோ? என் நேர்மை எனக்குப் பெரிதாகப் போய்விட்டது.

"பாரை என்ன விலை அண்ணை?" என்று கேட்டேன்.

விடியற்காலைச் செய்தி

இரண்டு கிழமை கழித்து ஒரு ரோந்து போனது. பியதாச அதோடு போனான். முகாம் பெட்டியில் நான்.

கிழக்கு வெளுக்கிற நேரம் அவன் கூப்பிட்டான். ஒருவர் தந்திச் சாவியை அடிக்கிற விதம் அவர் கையெழுத்தைப் போன்றது, எங்களுக்குத் தெரியும். பியதாசவின் கை அன்றைக்குத் தடுக்கித் தடுக்கி வந்தது. ஒரு வள்ளம். நிற்கச் சொல்லியும் நிற்கவில்லை. சுடப்பட்டது. இருவர் பிடிபட்டனர். ஒருவர் இறந்தார்.

எழுதினேன். கிடைத்தது என்று பதில் அடித்தேன். அதோடு கையை எடுத்திருக்க வேண்டும். சொந்தக் கேள்வி கேட்பது பெரிய குற்றம். கேட்டேன்.

"யார்?"

 காதுக்குள் இரைச்சல் மட்டும். பிறகு ஆங்கில எழுத்தில், ஒவ்வொன்றாக, எங்கள் இருவருக்கும் தெரிந்த பெயரை அடித்தான்: மீன்கார அண்ணை.

காதுக் குழாயைக் கழற்றிவிட்டு வெளியே போய் எஞ்சின் கொட்டில் வாசலில் நின்றேன். பிறகு திரும்பி வந்து அந்தத் தாளைக் கப்டனிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். 

பாக்கியம் அக்கா

செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. போக எனக்கு என்ன முகம் இருக்கிறது? அவர் மனைவி பாக்கியம் அக்கா ஒரு நாள் முகாம் வாசலில் வந்து நின்று மண் அள்ளித் தூற்றுவா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். தூற்றட்டும், பட்டுக்கொள்வோம் என்று ஒரு மாதிரி மனதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். பியதாசவும் நானும் ஒரே அறையில் படுத்து எழும்பினோம். அந்த விடியற்காலையைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை அக்கா வந்தா. காலை பத்து மணி இருக்கும். காவலில் நின்ற பொடியன் வந்து, உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்கிறா என்றான். கால் இழுக்க இழுக்கப் போனேன்.

வெள்ளைச் சேலை. ஆள் பாதியாய்ப் போயிருந்தா. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தம்பி, உனக்கு அண்டைக்குச் சுகமில்லையோ?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அவர் நாலு மணிவரைக்கும் கரையிலை காது குடுத்துக்கொண்டு இருந்தவர். பிறகும் ஒரு மணித்தியாலம் பாத்தவர். 'பொடியன் போடேல்லை, பயமில்லை, போட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டவர். நீ போடாமல் விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும். ஏதோ வருத்தத்திலை படுத்திட்டாய் போலை எண்டு நினைச்சன். அதுதான் ஒருக்காப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனான்."

நானும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். 

"ஓம் அக்கா," என்றேன். "காய்ச்சல்."

அக்கா கம்பிக்கு இடையால் கையை விட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தா. பிறகு கழுத்தடியையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தா.

"இப்ப உடம்பு காயேல்லை," என்றா.